கென்யா போனா மசாய் மாரா மட்டும் பாத்துட்டு திரும்பிடாதீங்க: மொம்பாசா, வாட்டாமு, மாலிண்டி கடற்கரை ரிவ்யூ

கென்யா டூர் பேக்கேஜ் எதை எடுத்து பாத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கு, நைரோபில இறங்கு, மாரால சிங்கம் பாரு, நகுருல ஒரு ராத்திரி, கடைசில ரெண்டு நாள் "பீச் ரிலாக்ஸ்"னு மொம்பாசா பக்கம் ஒரு ரிசார்ட்ல கொண்டு போய் போட்டுடுவாங்க. அந்த ரெண்டு நாளும் நீச்சல் குளத்துலயும் பஃபேலயும் போயிடும். எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். அந்த கடற்கரைல ஐநூறு அறுநூறு வருஷ ஊருங்க இருக்கு, உலகத்துல வேற எங்கயும் இல்லாத மிருகம் பறவை இருக்கு, நம்ம நாக்குக்கு அப்படியே பொருந்தற சாப்பாடு இருக்கு, இதெல்லாம் பாக்காமயே "கென்யா போய்ட்டு வந்தேன்"னு சொல்றவங்க நிறைய பேர். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல போற வழி. நைரோபிலேர்ந்து மொம்பாசாவுக்கு ஃப்ளைட் இருக்கு ஆனா நான் ட்ரெயினதான் சொல்வேன். 2017ல ஆரம்பிச்ச புது ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை, பேரு மதராகா எக்ஸ்பிரஸ், கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர், அஞ்சாறு மணி நேரத்துல கொண்டு விட்டுடும். ட்ராக் சாவோ நேஷனல் பார்க் குறுக்கே போகுது, மிருகங்க கீழ கடந்து போறதுக்காக மண்மேடு போட்டு பாலத்து மேலயே ஓட்டிருக்காங்க, ஜன்னல் ஓரம் கிடைச்சா செம்மண் பூசின சிவப்பு யானைங்கள சீட்ல உக்காந்தபடியே பாக்கலாம் (பகல் வண்டியா புக் பண்ணுங்க, ராத்திரி வண்டில ஒண்ணும் தெரியாது). பழைய மீட்டர் கேஜ் பாதை இதே சாவோ வழியாதான் போச்சு, 1896ல மொம்பாசால ஆரம்பிச்சு 1901ல விக்டோரியா ஏரிக்கரைல முடிச்சாங்க, அதுக்கு இந்தியாலேர்ந்து முப்பதாயிரம் பேருக்கு மேல கூலிக்கு கூட்டிட்டு வந்தாங்க, பெரும்பாலும் பஞ்சாப் ஆளுங்க, சுமார் 2500 பேர் அங்கயே செத்துப் போனாங்க. அந்த வழில உக்காந்து போகும்போது அத நெனைக்காம இருக்க முடியாது. ஸ்டேஷன் மிரிட்டினில இருக்கு, ஊருக்கு வெளிய தள்ளி, இறங்கினதும் டாக்ஸிக்கு ஒரு தொகை எடுத்து வெச்சுக்கோங்க.

மொம்பாசா டவுன்ல ஃபோர்ட் ஜீசஸ் கண்டிப்பா பாக்கணும், அரை நாள் ஒதுக்குங்க. போர்ச்சுகீசியர் 1593லேர்ந்து 1596 வரைக்கும் கட்டின கோட்டை, வரைஞ்சு குடுத்தது கைராட்டின்னு ஒரு இத்தாலிக்காரர், மேலேர்ந்து பாத்தா மனுஷ உடம்பு மாதிரி தெரியற அமைப்பு, பவளப்பாறை மேல பவளக்கல்ல கட்டினது. 2011ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க. ஆனா கட்டடம் மட்டும் பாத்துட்டு வந்தா பாதிதான் பாத்த மாதிரி. உள்ளூர் சுல்தான் ஒருத்தர் 1631ல போர்ச்சுகீசியர எதிர்த்து கிளம்பி கோட்டைய பிடிச்சது, அப்புறம் 1696ல ஓமான் படை வந்து வளைச்சு நின்னு கிட்டத்தட்ட மூணு வருஷம் முற்றுகை போட்டது, உள்ள இருந்தவங்க பசியிலயும் நோய்லயும் ஒவ்வொருத்தரா விழுந்தது, இதெல்லாம் அந்த சுவத்துக்குள்ள நின்னு கேக்கும்போது வேற மாதிரி இருக்கும். அந்த முற்றுகைய உடைக்க கோவாலேர்ந்து உதவிக்கு கப்பல் அனுப்பினாங்க, அதுல சாந்தோ அந்தோனியோ தி தன்னாங்கற கப்பல் 1697ல கோட்டை முன்னாடியே முங்கிடுச்சு. அந்தக் கப்பல கட்டினது நம்ம மேற்குக்கரைல வசாய்ங்கற ஊர்ல, பேருல இருக்கற தன்னா இப்ப மும்பை பக்கத்துல இருக்கற தானே. 1970கள்ல முக்குளிச்சு எடுத்த பொருளெல்லாம் உள்ள மியூசியத்துல இருக்கு, அத விட்டுடாதீங்க. போர்ச்சுகீசிய மாலுமிங்க சுவத்துல கிறுக்கி வெச்ச கப்பல் படங்களும் அப்படியே இருக்கு, எனக்கு பீரங்கிய விட அதுதான் பிடிச்சுது. பிரிட்டிஷ்காரன் காலத்துல 1895லேர்ந்து 1958 வரைக்கும் இது ஜெயிலா வேற இருந்துச்சு.

கைடு விஷயம் ஒண்ணு. கேட் வெளியவே நிறைய பேர் வந்து ஒட்டிக்குவாங்க, அடையாள அட்டை காட்ட சொல்லுங்க, எவ்ளோ நேரம் எவ்ளோ காசுன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. நல்ல கைடு கிடைச்சா அதே ஆளோட ஓல்ட் டவுனும் நடந்துடலாம், செதுக்கின மரக்கதவு, மரச்சட்டம் போட்ட பால்கனி, சின்ன சின்ன சந்து, சாயங்காலம் பித்தளை கூஜால இஞ்சி போட்ட கசப்பு காபி விக்கறவர். மோய் அவென்யூல இருக்கற பெரிய தந்த வளைவு, எல்லாரும் போட்டோ எடுக்கறது, அது அலுமினியம்தான், அதுக்குன்னு தனியா போக வேண்டாம், வண்டில போகும்போது கண்ணுல படும்.

சாப்பாடு. இதுக்கு பத்துக்கு பத்து. காலைல மஹம்ரியும் பாசியும் சாப்பிடுங்க, மஹம்ரின்னா ஏலக்காய் தேங்காய்ப்பால் போட்டு பொரிச்ச உப்பல் ரொட்டி, பாசின்னா முழு துவரைய தேங்காய்ப்பால்ல வேக வெச்ச குழம்பு, சைவம், வயித்துக்கு இதம். சாயங்காலம் வியாசி கராய், உருளைக்கிழங்க மாவுல முக்கி பொரிச்சு புளி சட்னியோட குடுப்பாங்க. ரோட்டுல தணல்ல சுட்ட மரவள்ளிக்கிழங்குல மிளகாத்தூள் எலுமிச்சை தேச்சு தருவாங்க, இளநி எங்க பாத்தாலும் கிடைக்கும், மீன் சாப்பிடறவங்க சமாக்கி வ குப்பாக்கா கேளுங்க, சுட்ட மீன் மேல தேங்காய்ப்பால் குழம்பு ஊத்தினது, கூட தேங்காய்ப்பால் சோறு. ரிசார்ட் பஃபேல இதுல பாதி கூட கிடைக்காது, கிடைச்சாலும் வெள்ளைக்காரங்களுக்காக காரம் குறைச்சு வெச்சிருப்பாங்க. மொம்பாசால குஜராத்தி குடும்பங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க, சுத்த சைவ தாலி கிடைக்கும், சைவம்னு பயந்துட்டு பேக்கேஜுக்கு பணம் கட்டாதீங்க.

மொம்பாசா பக்கத்துலயே பம்புரில ஹாலர் பார்க். குழந்தைங்களோட போறவங்களுக்கு இது ரொம்ப நல்ல இடம். சிமெண்ட் கம்பெனி பவளச் சுண்ணாம்புக்கல் தோண்டித் தோண்டி பாலைவனமா விட்ட குழி இது, 1971ல ரெனே ஹாலர்ங்கறவர் அதுல மரம் வளக்க ஆரம்பிச்சாரு, பல வகை நட்டுப் பாத்து கடைசில தாக்குப்பிடிச்சது நம்ம சவுக்கு. சவுக்கு இலை கீழ விழுந்து மக்காம கிடந்துச்சு, அத தின்னு மண்ணாக்கறதுக்கு சிவப்புக்கால் மரவட்டைய கொண்டு வந்து விட்டாரு, அது போட்ட எச்சத்துலேர்ந்து மண்ணு உண்டாகி இப்ப முழுக்க காடு, ஒட்டகச்சிவிங்கி நடக்குது. இன்னொரு காரணமும் இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமி, நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் அடிச்ச அதே சுனாமி, இந்தக் கரைக்கும் வந்துச்சு, மாலிண்டி பக்கம் ஒரு நீர்யானைக் குட்டி கூட்டத்த விட்டு பிரிஞ்சு கடல்ல பவளத்திட்டுல மாட்டிக்கிச்சு. ஊரே சேந்து வலை போட்டு இழுத்து இங்க கொண்டு வந்தாங்க, அது நேரா போய் இங்க இருந்த நூறு வயசு தாண்டின ஒரு பெரிய ஆமை பின்னாடி ஒட்டிக்கிச்சு, அதோடயே தின்னு அதோடயே தூங்குச்சு. ஓவன், ம்ஸேன்னு அந்த ஜோடி உலகம் பூரா பேசப்பட்டாங்க. அந்த நாள மறக்க முடியாத ஊர்க்காரங்க நாம, அந்தக் குளத்துகிட்ட நிக்கும்போது எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல.

இப்ப நெஜமான விஷயத்துக்கு வரேன். இந்த ட்ரிப்போட உயிர் வாட்டாமுதான், மொம்பாசாலேர்ந்து வடக்க நூறு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல. நாலு ராத்திரி கையில இருந்தா மூணு ராத்திரிய இங்க போடுங்க.

கெடி இடிபாடுகள். காட்டுக்குள்ள ஒரு முழு ஊரு, பவளக்கல் வீடு, அரண்மனை, மசூதி, கிணறு, சுத்தி மதில், 1400கள்ல செழிப்பா இருந்து 1600கள்ல காலியாகிப் போச்சு. வீட்டுச் சுவத்த துளைச்சு வேர் விட்ட மரங்க, மேல குரங்கு, கீழ காஞ்ச இலை சத்தம். அங்க தோண்டினப்ப சீனத்து மிங் பீங்கான், வெனிஸ் கண்ணாடி மணி, இந்தியாவிலேர்ந்து போன இரும்பு விளக்கு, ஸ்பெயின் கத்திரிக்கோல் எல்லாம் கிடைச்சிருக்கு, என்ன கிடைச்சுதோ அத வெச்சே வீட்டுக்கு பேர் வெச்சுட்டாங்க, கத்திரிக்கோல் வீடு, சோழி வீடு, பீங்கான் கிண்ண வீடுன்னு. வீட்டுக்கு வீடு கழிப்பறை, குளிக்கற இடம், தண்ணி வடிய வழி, அரண்மனைல வழக்கு கேக்கறதுக்கு தனி முற்றம். ஹிஜ்ரி வருஷம் செதுக்கின ஒரு கல்லறை இருக்கு, நம்ம கணக்குக்கு 1399. போர்ச்சுகீசியர் பக்கத்து ஊரான மாலிண்டில பல வருஷம் இருந்தும் அவங்க எழுதி வெச்ச எதுலயும் இந்த ஊரப் பத்தி ஒரு வரி கூட இல்ல, பதினஞ்சு கிலோமீட்டர் தூரம்தான்! ஊரு ஏன் காலியாச்சுங்கறதுக்கும் ஒரே பதில் இல்ல, கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சுன்னு சொல்றாங்க (பெரிய மசூதி பக்கத்து கிணத்த இன்னும் ஆழமா தோண்டின அடையாளம் இருக்கு), வடக்கேர்ந்து வந்த படையெடுப்புன்னு சொல்றாங்க, போர்ச்சுகீசியர் வந்து வியாபாரம் திசை மாறினதுன்னும் சொல்றாங்க.

ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும். பழைய புத்தகங்கள்ல இதெல்லாம் அரபுக்காரங்க வந்து கட்டின ஊருன்னு எழுதி வெச்சிருக்கும், சில கைடுங்களும் அதையே சொல்வாங்க. அது சரியில்ல. இது சுவாஹிலி மக்களோட ஊரு, ஆப்பிரிக்கக் கரையோர மக்கள் அவங்களே வளத்த ஊரு. 2023ல இந்தக் கரையோர பழைய கல்லறை எலும்புகள்ல டிஎன்ஏ எடுத்து பாத்தாங்க, ஆப்பிரிக்க தாய் வழியும் பாரசீக தந்தை வழியும் ஆயிரம் வருஷம் முன்னாடியே கலந்திருக்குன்னு தெரிஞ்சுது. கடல் வழியா வந்தவங்கள கல்யாணம் பண்ணி சேத்துக்கிட்டு, மொழியையும் ஊரையும் தன்னோடதாவே வெச்சுக்கிட்ட சமூகம். இத மனசுல வெச்சுட்டு கெடிய பாத்தா ஒவ்வொரு கல்லுக்கும் மரியாதை கூடும். 2024ல டெல்லில நடந்த யுனெஸ்கோ கூட்டத்துலதான் கெடிய உலகப் பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க, அதனால இனிமே கூட்டம் ஏறும், இப்பவே போயிடுங்க. காலைல திறந்த உடனே போங்க, வெயிலும் இருக்காது, ஸ்கூல் பஸ்ஸும் வராது. குரங்குக்கு எதுவும் குடுக்காதீங்க, கைல வாழைப்பழம் இருந்தா பையில போட்டு ஜிப் மூடுங்க.

கெடி வாசல்லயே கிபெபியோன்னு பட்டாம்பூச்சி பண்ணை இருக்கு, நிறைய பேர் சின்ன இடம்னு தாண்டிப் போயிடறாங்க. பக்கத்துல அரபுகோ சொகோகேன்னு பெரிய காடு, கிழக்கு ஆப்பிரிக்கால மிச்சம் இருக்கற கடலோரக் காட்டுலயே பெருசு, 420 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்துல இந்தக் காட்ட வெட்டி நிலமாக்கித் தரச் சொல்லி ஊர்க்காரங்களே கேட்டாங்க, வறுமை. 1993ல இந்தத் திட்டம் வந்துச்சு, காட்டோரக் குடும்பங்க பட்டாம்பூச்சி கூட்டுப்புழு வளத்து குடுக்கறாங்க, அது வெளிநாட்டு பட்டாம்பூச்சி பூங்காக்களுக்கு ஏற்றுமதி ஆகுது, காடு இருந்தாதான் பட்டாம்பூச்சி, பட்டாம்பூச்சி இருந்தாதான் காசு, அதனால காட்ட காப்பாத்தறது இப்ப அவங்க பொழப்பாவே ஆயிடுச்சு. அங்க வாங்கற டிக்கெட்டும் தேனும் நேரா அந்தத் திட்டத்துக்கு போகுது, தாராளமா செலவு பண்ணுங்க.

காட்டுக்கு விடியக்காலைல உள்ளூர் பறவை கைடோட போகணும், இல்லாட்டி வெறும் மரம்தான் தெரியும். சொகோகே ஆந்தை உள்ளங்கை அளவுதான், இலைக்கு நடுவுல பட்டை கலர்லயே உக்காந்திருக்கும், கைடு கைய நீட்டி காட்டினப்புறமும் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். அப்புறம் செங்கின்னு (யானை மூஞ்சூறு) பின்னாடி தங்கக் கலர் திட்டு வெச்ச ஒரு சின்ன மிருகம், நீள மூக்கு, எலி மாதிரி இருக்கும் ஆனா எலி இல்ல, யானைக்கு தூரத்து சொந்தம், அது உலகத்துலயே முக்கியமா இந்தக் காட்ட நம்பித்தான் உசுரோட இருக்கு. கெடிக்குள்ளயும் சில சமயம் ஓடும்.

சாயங்காலம் மிடா க்ரீக். சதுப்புக்காட்டுக்கு நடுவுல தொங்குபாலம் மாதிரி மரப்பாதை போட்டிருக்காங்க, முடியற இடத்துல மறைவா உக்காந்து பறவை பாக்க கூண்டு, பிச்சாவரம் பாத்தவங்களுக்கு அந்த மரங்க பழக்கமா இருக்கும். டபாசோல ஊர்க்காரங்க சேந்து நடத்தற க்ராப் ஷாக்னு ஒரு சாப்பாட்டுக் கடை, சதுப்புமரத்துக்கு மேலயே கட்டினது, நண்டு சமோசா ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு, சூரியன் இறங்கற நேரத்துக்கு டேபிள் வேணும்னா முன்னாடியே சொல்லி வெக்கணும்.

கடல் பத்தி முக்கியமா ஒண்ணு. நம்ம சென்னை கடற்கரைல தண்ணி ஏறி இறங்கறது பெருசா தெரியாது, இங்க மூணு நாலு மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும், காலைல ரூம் முன்னாடி இருந்த கடல் மத்தியானம் தூரத்துல போய் நிக்கும், வெறும் பாறையும் பாசியும்தான் இருக்கும். அதனால ஸ்நார்க்லிங் போறதுக்கு முன்னாடி அன்னிக்கு தண்ணி எப்ப இறங்குதுன்னு ஹோட்டல்ல கேட்டுட்டு படகு பேசுங்க. வாட்டாமு கடல் பூங்கா 1968லயே அறிவிச்சது, பவளமும் மீனும் இன்னும் நல்லா இருக்கு. சில படகுக்காரங்க மீன வரவழைக்க ரொட்டி போடுவாங்க, நட்சத்திர மீன வெளிய எடுத்து போட்டோவுக்கு கைல குடுப்பாங்க, வேண்டாம்னு கறாரா சொல்லிடுங்க, அது செத்துப் போயிடும். பவளத்து மேல கால் வெச்சு நிக்காதீங்க. லோக்கல் ஓஷன் கன்சர்வேஷன்னு ஆமை காப்பாத்தற அமைப்பு 1997லேர்ந்து இருக்கு, மீனவர் வலைல ஆமை மாட்டினா அவரு போன் பண்ணுவாரு, இவங்க போய் எடை பாத்து அடையாளம் போட்டு திரும்ப கடல்ல விடுவாங்க, மீனவருக்கு ஒரு சின்ன தொகை உண்டு. அடிபட்ட ஆமைக்கு வைத்தியம் பாக்கற இடத்த போய் பாக்கலாம், பசங்களுக்கு அவசியம் காட்டுங்க.

மாலிண்டிக்கு ஒரு நாள் போதும். வாஸ்கோடகாமா 1498ல இங்க வந்து வழிகாட்டி மாலுமிய ஏத்திக்கிட்டுதான் கோழிக்கோட்டுக்கு கடல தாண்டினாரு, அந்த நினைவுத்தூண் கடலோரம் நிக்குது, பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சிடலாம். எனக்கு அந்த வந்தவரோட தூண விட, வழி தெரிஞ்சிருந்த இந்தக் கடலோடிகதான் பெருசா தெரிஞ்சாங்க, வாஸ்கோடகாமாவுக்கு முன்னாடியே இங்கேர்ந்து ஒரு ஒட்டகச்சிவிங்கி 1415ல சீன சக்கரவர்த்தி அரண்மனை வரைக்கும் போயிருக்கு. மாலிண்டிலேர்ந்து உள்ள முப்பது கிலோமீட்டருக்கு மேல போனா மராஃபா, மழைத்தண்ணி அரிச்ச மணல்கல் பள்ளத்தாக்கு, வெள்ளை ரோஸ் ஆரஞ்சு செக்கச்சிவப்புன்னு அடுக்கடுக்கா நிக்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல இறங்குங்க, மத்தியானம் இறங்கினா வெந்து போயிடுவோம், பேரே ஹெல்ஸ் கிச்சன்.

தெற்குப் பக்கம் டயானி. லிக்கோனி படகுல நடந்து போறவங்களுக்கு காசு இல்ல, கூட்டம் மட்டும் பயங்கரமா இருக்கும், பைய முன்னாடி போட்டுக்கோங்க. பீச் வெள்ளை மணல், அழகுதான், ஆனா விக்கறவங்க தொல்லை அதிகம், ரெண்டாவது நாள் அலுத்துடும். டயானில நான் மறக்காம போகச் சொல்றது காயா கினோண்டோ. மிஜிகெண்டா மக்களோட புனிதக் காடு, நம்ம ஊர் கோயில்காடுதான். 2008ல இந்த மாதிரி காடுங்கள யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. உள்ள போக கருப்புத் துணி இடுப்புல கட்டி விடுவாங்க, தலைல தொப்பி கூடாது, ஒரு இலை கூட எடுத்துட்டு வரக்கூடாது. எந்த மரம் எந்த நோய்க்குன்னு அந்த ஊர்ப் பெரியவர் சொல்லிட்டே நடப்பாரு, பழைய மரத்த கட்டிப்பிடிச்சு மனசுல இருக்கறத சொல்ல சொல்வாரு, கூச்சப்படாம பண்ணுங்க. டயானி ரோட்டுக்கு மேல குரங்குங்க கடக்கறதுக்கு கயித்துப்பாலம் கட்டியிருக்காங்க, கருப்பு வெள்ளை கொலபஸ் குரங்கு அதுல போறத நின்னு பாருங்க. நேரம் இருந்தா ஷிம்பா ஹில்ஸ், கென்யால சேபிள் மான் இருக்கற ஒரே இடம்.

போறதுக்கு முன்னாடி சில விஷயம். டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் கடல் தெளிவா இருக்கும், ஏப்ரல் மே பெருமழை, தவிர்த்துடுங்க, ஜூலைலேர்ந்து அக்டோபர் ஓகே, காத்து மட்டும் பலமா அடிக்கும். நேஷனல் பார்க் டிக்கெட்டெல்லாம் ஆன்லைன்ல கட்டணும், கேட்ல ரொக்கம் வாங்க மாட்டாங்க. சில்லறைக்கு எம்-பெசா (போன்லயே பணம் அனுப்பற வசதி) போட்டுக்கிட்டா டுக்டுக், அதாவது ஆட்டோ வரைக்கும் அதுலயே குடுத்துடலாம் (டுக்டுக்ல பஜாஜும் டிவிஎஸ்ஸும் நிறைய, நம்ம ஓசூர் பேரு இங்க தெருத்தெருவா ஓடுது). பிளாஸ்டிக் பை 2017லேர்ந்து தடை, பெட்டில துணி சுத்தின கவரையும் வீட்லயே வெச்சுடுங்க. விசாவுக்கு பதிலா இப்ப ஈடிஏங்கற மின்னணு பயண அனுமதி, ஆன்லைன்ல எடுக்கணும். கடற்கரைல மலேரியா உண்டு, டாக்டர்கிட்ட மாத்திரை கேளுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்டிபிகேட் இல்லாம கென்யாலேர்ந்து திரும்பினா இந்தியால தனிமைப்படுத்திடுவாங்க, சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அது செல்லும், அதனால டிக்கெட் போட்ட வாரமே போய் போட்டுடுங்க.